பகல் 12.40 தபால்

இதில் வரும் தேதிகளை நான் மாற்றவில்லை. நேரத்தையும் மாற்றவில்லை. பிளாரன்ஸ் தன் டைரியைத் திறந்து வைத்துக்கொண்டு சொல்லச் சொல்ல நான் குறித்துக்கொண்டதுதான் இது. ராத்திரியில் நடந்ததல்ல. மரத்தடியிலோ சுடுகாட்டிலோ நடந்ததுமல்ல. பட்டப்பகல், தூத்துக்குடி நகரத்துக்கு நடுவில், தார் உருகும் மார்ச் மாத வெயிலில் நடந்தது.

பிளாரன்ஸுக்கு நாசரேத் சொந்த ஊர். நாற்பத்தொரு வயது. கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். அவளும் அங்கே ஒரு பள்ளி அலுவலகத்தில் ஏழு வருஷம் இருந்துவிட்டு, மகள் படிப்புக்காக 2019-ல் ஊர் திரும்பியவள். கண்டிப்பான ஆள். கதை கட்டுகிற பழக்கம் கிடையாது. அவள் தன் வாழ்க்கையில் சொன்ன ஒரே பெரிய பொய் இந்தச் சம்பவத்துக்குள்தான் இருக்கிறது. அதையும் அவளே சொன்னாள்.

தென்கடல் பல்கலைக்கழகம் என்று ஒன்று அந்த ஊரில் இருந்தது. மற்றப் பல்கலைக்கழகங்கள் மாதிரி ஊருக்கு வெளியே பெரிய வளாகம், தோப்பு, மதில் எதுவும் அதற்கு இல்லை. 1988-ல் நகரத்துக்குள் இருந்த ஐந்து சின்ன நிறுவனங்களை ஒன்றாகச் சேர்த்துப் பல்கலைக்கழகம் ஆக்கினார்கள். அவை இருந்த ஐந்து கட்டடங்களிலேயே அது நடந்தது. கடலோரச் சாலையில் பருத்தி மூட்டை அடுக்கிவைத்த பழைய கிட்டங்கியில் தலைமை அலுவலகம். கீழ்த்தளத்தில் தேர்வுப் பிரிவு, முதல் மாடியில் பதிவாளர். திரேஸ்புரத்தில் கடல் உயிரியல். பாளையங்கோட்டை ரோட்டில் வணிகவியல். உப்பளம் பக்கம் வேதியியல். சர்ச் பின்னால் கல்வியியல். துறை ஒரு மூலை, துறைத் தலைவர் ஒரு மூலை, பதிவாளர் ஒரு மூலை. ஒரு தாளில் மூன்று பேர் கையெழுத்து வாங்க வேண்டுமென்றால் அந்தத் தாள் ஊரைச் சுற்றி வர வேண்டும். சுற்றிக்கொண்டுதான் இருந்தது, முப்பது வருஷம். 2018-ல் அனுமதி போய்விட்டது. மாணவர்களை வேறு இடங்களுக்கு மாற்றினார்கள். கட்டடங்கள் ஒவ்வொன்றாகக் கைமாறின. கிட்டங்கி மட்டும் மிஞ்சியது, உள்ளே காகிதங்களோடு.

பல்கலைக்கழகம் செத்தாலும் அதன் சான்றிதழ்கள் சாகவில்லையே. வளைகுடாவில் இருந்து, அரசு அலுவலகங்களில் இருந்து, 'இவர் இங்கே படித்தது உண்மையா' என்று கேட்டுக் கடிதம் வந்துகொண்டே இருந்தது. பதில் சொல்ல ஒரு குழு போட்டார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் கீழ்த்தளம் கழுத்தளவு மூழ்கிய பிறகு, மிஞ்சிய கட்டுகளை எல்லாம் இரண்டாம் மாடி கிழக்கு அறைக்கு ஏற்றினார்கள். அவற்றைப் பிரித்து, கணினியில் ஏற்ற பிளாரன்ஸை வேலைக்கு எடுத்தார்கள். மேற்பார்வைக்கு சுந்தரராஜ். சாத்தான்குளத்துக்காரர். அந்தப் பல்கலைக்கழகத்தில் பிரிவு அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். செவ்வாய், வெள்ளி காலையில் வருவார், பதினொரு மணிக்குப் போய்விடுவார். வாசலில் காவலுக்குப் பொன்னுதுரை. அவ்வளவுதான். மூன்று பேர்.

2025 மார்ச் 4, செவ்வாய்க்கிழமை. சுந்தரராஜ் போய்விட்டிருந்தார். பிளாரன்ஸ் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கப் போனாள். கீழே முற்றத்தில் சைக்கிள் மணி அடித்தது. பிறகு ஸ்டாண்டை உதைத்துப் போடும் சத்தம். படியில் செருப்புச் சத்தம்.

மணி 12.40.

வாசலில் ஒருவர் நின்றார். ஐம்பத்தைந்து வயசு இருக்கும். காக்கிச் சட்டை, கக்கத்தில் தோல் பை, கையில் மடக்கிய குடை.

"புது அம்மாவா? மேல ஆள் வந்துட்டாவன்னு யாரும் சொல்லலியே."

"போன மாசம்தான் சேர்ந்தேன் அண்ணாச்சி. நீங்க?"

"திரேஸ்புரம் பில்டிங்குல இருந்து தபால்." ஒரு கவரை மேசையில் வைத்தார். தபால் நோட்டை நீட்டினார். "இங்கன ஒரு கையெழுத்து."

பிளாரன்ஸ் போட்டாள். குழுவின் வேறு ஏதோ அலுவலகத்தில் இருந்து வருகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

"என்னா மழை," என்றார் அவர், குடையை உதறிக்கொண்டே. போய்விட்டார்.

அப்போதுதான் கவனித்தாள். குடையில் இருந்து தண்ணீர் சொட்டியிருந்தது. வாசலில் ஈரச் செருப்புத் தடம். ஜன்னல் வழியே பார்த்தாள். முற்றத்தில் வெயில் கண்ணைக் கூச வைத்தது. ஒரு பொட்டு ஈரமில்லை. சைக்கிளும் இல்லை.

கடலில் இறங்கிவிட்டு வந்திருப்பார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கவரைப் பிரித்தாள். கடல் உயிரியல் துறையின் வருகைப் பதிவுத் தாள். 2015 நவம்பர். காகிதக் கட்டுக்குள் காணாமல் போயிருந்த அதே தாள்! தேடித் தேடிச் சலித்தது தானாக வந்து சேர்ந்ததில் அவளுக்கு அன்று சந்தோஷம்தான்.

சாயங்காலம் போகும்போது பொன்னுதுரையிடம் கேட்டாள். "மத்தியானம் தபால் கொண்டாந்தாரே, யாரு அவரு?"

"யாரும் வரலியே அக்கா. கேட்டைப் பூட்டிட்டுல்லா சாப்புட்டேன்."

கண் அசந்திருப்பான் என்று நினைத்தாள்.

மார்ச் 6, வியாழன். அதே சைக்கிள் மணி. 12.40. அதே குடை, அதே ஈரம். இன்னொரு கவர், உள்ளே அதே மாசத்துத் தாள். இந்தத் தடவை அவர் கொஞ்சம் நின்று பேசினார்.

"மேல நீங்க வந்ததுல எனக்கு பெரிய உபகாரம்மா. கீழ பன்னெண்டரைக்கே கதவைச் சாத்திருதாவ. ஒன்றரை மணி வரைக்கும் வராந்தாவுல நின்னு கால் கடுத்துப் போவுது."

பிளாரன்ஸ் சிரித்துவைத்தாள். அவர் படியிறங்கிய பிறகுதான் சிரிப்பு நின்றது. கீழே எந்தக் கதவைச் சாத்துகிறார்கள்? தேர்வுப் பிரிவுக்குக் கதவே கிடையாது. வெள்ளம் கொண்டுபோய் ஒன்றேகால் வருஷம் ஆகிறது.

மறுநாள் வெள்ளிக்கிழமை சுந்தரராஜ் வந்ததும் பேச்சுவாக்கில் சொன்னாள். "சார், திரேஸ்புரம் கட்டடத்துல இருந்து கவர் ரெண்டு வந்துது."

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "எந்தக் கட்டடம்?"

"திரேஸ்புரம். கடல் உயிரியல்."

"நல்லா வந்துது போ. அதை இடிச்சு ஏழு வருஷமாச்சு. அங்கன இப்ப ஐஸ் பாக்டரி ஓடுது." அதற்குள் அவருக்கு போன் வந்தது. பேசிக்கொண்டே கீழே போய்விட்டார்.

பிளாரன்ஸ் அப்படியே உட்கார்ந்திருந்தாள். திங்கள்கிழமையில் இருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று முடிவு பண்ணினாள். பையை எடுத்துத் தோளில் மாட்டியும் விட்டாள்.

அந்த நேரத்தில்தான் பாஹிமா வந்தாள்.

காயல்பட்டினத்துப் பெண். முப்பத்திரண்டு வயது. இந்த அறைக்கு அவள் வருவது இது நாலாவது தடவை. வெயிலில் நடந்து வந்து உதடெல்லாம் காய்ந்திருந்தது. பிளாரன்ஸ் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"நோன்புக்கா," என்றாள் பாஹிமா. உட்கார்ந்தாள். "கிடைச்சுதா?"

இல்லை என்று பிளாரன்ஸ் தலையாட்டினாள்.

பாஹிமாவின் கதை சின்னது. எம்.எஸ்ஸி.யில் அவளுக்கு ஒரே ஒரு செய்முறைத் தேர்வு பாக்கி இருந்தது. 2015 நவம்பரில் அதை எழுதினாள். அப்போது நிறைமாசம். மார்க் ஷீட் வந்தபோது அந்த இடத்தில் 'வரவில்லை' என்று இருந்தது. துறையில் கேட்டால் அனுப்பிவிட்டோம் என்றார்கள். தேர்வுப் பிரிவில் கேட்டால் வரவில்லை என்றார்கள். பிறகு பல்கலைக்கழகமே இல்லாமல் போனது. இப்போது ஒரு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியை வேலை கிடைத்திருக்கிறது. மார்ச் 21-க்குள் பட்டத்தைக் காட்ட வேண்டும்.

"நான் வந்தேன்க்கா," என்றாள் பாஹிமா. "நாலு மணி நேரம் நின்னேன். காலு ரெண்டும் வீங்கி... செருப்பு ஏறல. ஆறாவது நாள் ஸுஹைப் பொறந்தான். அவனுக்கு இப்ப ஒம்பது வயசு. நான் வரலன்னு போட்டிருக்கு பாருங்க. அதைத்தான் என்னால தாங்க முடியல."

அவள் போன பிறகு பிளாரன்ஸ் பையைத் தோளில் இருந்து இறக்கி வைத்தாள். கடல் உயிரியல். திரேஸ்புரம். 2015 நவம்பர். அந்த ஆள் கொண்டுவருவது எல்லாம் அந்த மாசத்துத் தபால்தான்.

லெந்து என்னும் தவக்காலம் ஆரம்பித்திருந்தது. ஞாயிறு ஆராதனையில் அவள் மனசு பிரசங்கத்தில் இல்லை. செத்தவர்களிடம் கேட்கக் கூடாது என்று வேதத்தில் இருக்கிறது. அது அவளுக்குத் தெரியும். ஆனால் அவர் செத்தவர் என்று யார் சொன்னது? அப்படியும் இப்படியும் தனக்குள்ளேயே வழக்காடினாள். திங்கட்கிழமை வேலைக்குப் போனாள்.

மார்ச் 10. மணி 12.40.

சைக்கிள் மணி. ஸ்டாண்ட். செருப்பு.

கவரை வைத்தார். நோட்டை நீட்டினார். பிளாரன்ஸ் கையெழுத்துப் போட்டாள். அவர் முகத்தை நேராகப் பார்க்காமல் கேட்டாள்.

"அண்ணாச்சி... எம்.எஸ்ஸி. அரியர் பிராக்டிகல் மார்க்கு கவர் ஒண்ணு வரணும். அது எங்க?"

அவர் யோசித்தார். "அந்த பிராக்டிகல் இன்னும் நடக்கலியே அம்மா. பத்தொம்பதாந்தேதில்லா. வியாழக்கெழமை."

இன்னும் நடக்கவில்லை. அவருக்கு இது 2015 நவம்பர்; கிழமை மட்டும் இரண்டு பேருக்கும் ஒன்று.

பாஹிமாவின் காய்ந்த உதடுதான் கண்முன் நின்றது.

"நடந்ததும் வருமா?"

"மறுநாளே கட்டிருவாவ. வெள்ளிக்கெழமை கொண்டாருவேன். கீழ தேர்வுப் பிரிவுலதான் கொடுக்கணும் அதை. ஒன்றரைக்குக் கதவு தெறந்ததும் கொடுத்திருவேன்."

"கீழ வேண்டாம்." குரல் உயர்ந்துவிட்டது. "கீழ கொடுக்காதீங்க அண்ணாச்சி. நேரா எங்கிட்டயே கொண்டு வாங்க."

"அவிய கேப்பாவளே அம்மா."

"நான் சொல்லிக்கிடுதேன்."

அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சரி என்று தலையாட்டினார். நல்ல மனுஷர். சொன்ன சொல்லை நம்புகிற முகம்.

மார்ச் 14, வெள்ளி. சுந்தரராஜ் பதினொரு மணிக்குக் கிளம்பினார். பிளாரன்ஸ் கதவை அகலத் திறந்து வைத்தாள். சாப்பிடவில்லை. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே மீன் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. காக்கை கத்தியது.

12.36.

12.38. லாரிச் சத்தம் நின்றது. காக்கைச் சத்தமும் நின்றது.

மழைச் சத்தம் கேட்டது.

ஜன்னலைப் பார்த்தாள். வெள்ளை வெயில். காதில் மட்டும் மழை... ஓட்டின் மேல் கொட்டுகிற மாதிரி... கிட்டங்கியின் ஓட்டுக் கூரையைப் பிரித்து இரும்புத் தகடு போட்டுப் பல வருஷம் ஆகிவிட்டது.

12.40. மணி. ஸ்டாண்ட்.

செருப்புச் சத்தம் மெதுவாக ஏறி வந்தது.

முழுக்க நனைந்திருந்தார். சட்டைக்குள் இருந்து கவரை எடுத்தார். மார்போடு அணைத்துக் காப்பாற்றிக் கொண்டுவந்திருக்கிறார். அரக்கு முத்திரை வைத்த பழுப்புக் கவர். ஓரம் மட்டும் ஈரம்.

"கேட்டீங்கல்லா. இந்தாங்க."

வாங்கும்போது விரல் பட்டது. ஐஸ் மாதிரி இருந்தது.

"இன்னைக்கு முழுப் பேரும் எழுதுங்கம்மா. முத்திரை வச்ச கவரு. நாளைக்குக் கேப்பாவ."

எழுதினாள். எழுத்து கோணல் மாணலாகப் போனது.

அப்போது படியில் இன்னொரு குரல்.

"ஏலே அய்யாக்குட்டி!"

ஆண் குரல். கீழேயிருந்து.

கட்டடத்தில் அவளையும் பொன்னுதுரையையும் தவிர யாருமில்லை. அது பொன்னுதுரை குரல் இல்லை.

"அங்க யாருகிட்டல பேசுத?"

அவர் திரும்பிச் சொன்னார். "புது அம்மாகிட்ட."

"எந்த அம்மா? அந்த ரூமு பூட்டிக் கெடக்குல்லா!"

காலடிகள் ஏறி வந்தன.

ஒரு படி.

இன்னொரு படி.

அய்யாக்குட்டி மெதுவாக இவள் பக்கம் திரும்பினார். பார்த்தார். மேசையைப் பார்த்தார். மறுபடி இவளைப் பார்த்தார்.

அவர் முகம் வெளுத்தது.

தோல் பையை மார்போடு இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

பிளாரன்ஸுக்கு இன்றும் உறக்கத்தைக் கெடுப்பது அந்த முகம்தான். அவர் பயந்தார். அவளைப் பார்த்து.

ஒரு அடி பின்னால் வைத்தார்.

இன்னொன்று.

வாசல் காலியாக இருந்தது.

மழை நின்றது. காக்கை கத்தியது. மணி 12.43.

கவர் மட்டும் அவள் கையில் இருந்தது. ஓரம் ஈரமாக.

பிளாரன்ஸ் சத்தம் போட்டதில் பொன்னுதுரை மேலே ஓடிவந்தான். அவனிடம் தேள் என்றாள். செவ்வாய்க்கிழமை சுந்தரராஜிடம் கவரைக் கொடுத்து, பழைய கட்டுக்குள் செருகிக் கிடந்தது என்றாள். அதுதான் அந்தப் பொய்.

அவர் முத்திரையைப் பார்த்தார். வெளித்தேர்வாளர் கையெழுத்தை வேறு தாள்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. பாஹிமா நூற்றுக்கு எழுபத்தெட்டு. குழு கூடியது. மார்ச் 20-ம் தேதி தற்காலிகப் பட்டச் சான்று கையெழுத்தானது. பாஹிமா அதை வாங்கி இரண்டு தடவை வாசித்தாள். 'தேர்வு எழுதினார்' என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு அழுதாள். மறுநாள் பள்ளியில் காட்டினாள். பெருநாளுக்கு மறுநாள் வட்டிலப்பம் என்ற இனிப்பு கொண்டுவந்து கொடுத்தாள். பிளாரன்ஸுக்கு ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

அதன் பிறகு 12.40-க்கு யாரும் வரவில்லை.

ஏப்ரல் 11. பிளாரன்ஸ் அன்றைக்குத்தான் துணிந்து கேட்டாள். "சார், அய்யாக்குட்டின்னு இங்க யாராவது இருந்தாவளா?"

சுந்தரராஜ் நிமிர்ந்தார். "அந்தப் பேரு உனக்கு யாரு சொன்னா?"

"பழைய தாள்ல பார்த்தேன்."

அவர் பேனாவை மூடி வைத்தார். "தபால் கொண்டுபோறவன். அஞ்சு கட்டடத்துக்கும் அவன் ஒருத்தன்தான். இருபத்தாறு வருஷம் ஒரு தாள் தொலைச்சதில்ல. 2015 கடைசியில நாலு கவரு காணாமப் போச்சு. விசாரணை வச்சாவ. 2016 பிப்ரவரியில வேலையை விட்டு நீக்கிட்டாவ. ஜூன் மாசம் செத்துப் போனான். சாப்பிடாமக் கெடந்தே போயிட்டான்னு அவன் பொண்டாட்டி சொன்னா." எழுந்து போய் அலமாரியின் அடித்தட்டில் இருந்து விசாரணைக் கோப்பு ஒன்றை எடுத்தார். "இதை டைப் அடிச்சது நான்தான். உன்னை வேலைக்கு எடுத்தப்பவே உன் பேரை எங்கயோ கேட்ட மாதிரி இருந்துது எனக்கு... நீ கேட்டதும்தான் ஞாபகம் வருது. நீயே பாரு."

முதலில் ஒரு சாட்சி. இளநிலை உதவியாளர் இனிகோ. 2015 நவம்பர் 20 பகல், பூட்டிக் கிடந்த இரண்டாம் மாடி கிழக்கு அறை வாசலில் அய்யாக்குட்டி தனியாக நின்று பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன் என்று சொல்லியிருந்தார்.

அடுத்தது விசாரணைக் குழுவின் முடிவு. தபால் நோட்டில் உள்ள நான்கு கையெழுத்துகளும் அவரே போட்டவை. அவர் சொல்லும் பெயரில் இந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தக் காலத்திலும் யாரும் பணியாற்றியதில்லை.

கடைசித் தாளில் அய்யாக்குட்டியின் வாக்குமூலம். மஸ்கட்டில் பிளாரன்ஸ் நாலாவது வருஷமாக வேலை பார்த்துக்கொண்டிருந்த நாளில் எழுதி வாங்கியது.

கேள்வி: கவரை யாரிடம் கொடுத்தீர்?

பதில்: பிளாரன்ஸ் அம்மாவிடம். கண்ணாடி போட்டிருப்பார்கள். நாசரேத்துப் பக்கத்துப் பேச்சு.

கேள்வி: முத்திரையிட்ட கவரைக் கீழே தேர்வுப் பிரிவில் ஏன் கொடுக்கவில்லை?

பதில்: கீழே கொடுக்காதே, நேராக என்னிடமே கொண்டு வா என்று அந்த அம்மாதான் சொன்னார்கள். கேட்டால் நான் சொல்லிக்கொள்கிறேன் என்றார்கள். அவர்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள் ஐயா. வந்து சொல்வார்கள்.